முடிவு சரி, காரணம் சரியா?

1934 ஜனவரி 15, பிற்பகல் இரண்டு மணி தாண்டிச் சில நிமிடங்களில் பீகாரும் நேபாளமும் குலுங்கின. முங்கேர், முசாஃபர்பூர் நகரங்கள் இடிந்து விழுந்தன. பத்தாயிரத்துக்கும் மேற்பட்டோர் மாண்டனர். தீண்டாமை ஒழிப்புக்காக நாடெங்கும் சுற்றிக்கொண்டிருந்த காந்தி அப்போது தென்னாட்டில் இருந்தார். ஜனவரி 24 அன்று திருநெல்வேலியில் பேசும்போது, அந்த நிலநடுக்கம் நம் பாவத்துக்குக் கடவுள் அனுப்பிய தண்டனை என்றார். பீகாரின் துயரத்துக்கும் தீண்டாமைக்கும் உயிரான தொடர்பு இருப்பதாகவும் சொன்னார்.

செய்தியைப் படித்த ரவீந்திரநாத் தாகூர் அதிர்ந்துபோனார். தீண்டாமையை வெறுப்பதில் அவர் காந்திக்குச் சளைத்தவர் அல்லர். 1932-இல் எரவாடா சிறையில் காந்தி உண்ணாவிரதத்தை முடித்தபோது அருகில் இருந்தவர் அவர். ஆனாலும் இந்தப் பேச்சை அவரால் விழுங்க முடியவில்லை. மறுப்பு எழுதிக் காந்திக்கே அனுப்பினார். காந்தி அதைத் தம் பதிலோடு சேர்த்து பிப்ரவரி 16 அன்று ‘ஹரிஜன்’ இதழில் அச்சிட்டார். தீண்டாமை ஒழிய வேண்டும் என்பதில் இருவருக்கும் துளி வேறுபாடு கிடையாது. அதற்குச் சொன்ன காரணத்தில்தான் மோதல்.

சட்டப் படிப்புக்கும் மேலாண்மைப் படிப்புக்கும் இன்று நடக்கும் நுழைவுத் தேர்வுகளில் ‘கிரிட்டிக்கல் ரீசனிங்’ என்றொரு வகைக் கேள்வி உண்டு. ஒரு சிறிய வாதத்தைக் கொடுத்து, அதன் பலம் எங்கே, பலவீனம் எங்கே என்று கேட்பார்கள். திருநெல்வேலிப் பேச்சை அந்த அச்சில் வார்த்தால் இப்படி வரும்:

தீண்டாமை பெரும்பாவம். பீகாரில் பேரழிவு நேர்ந்திருக்கிறது. ஆகவே அந்த அழிவு இந்தப் பாவத்துக்கான தண்டனை. கீழ்க்காண்பவற்றுள் எது உண்மையானால் இந்த வாதம் மிக அதிகமாகப் பலவீனப்படும்?

(அ) தீண்டாமை பாவம் என்பதைப் பலர் ஏற்பதில்லை.
(ஆ) தீண்டாமை இன்னும் கடுமையாக நிலவும் பகுதிகளில் நிலம் அதிரவில்லை.
(இ) வீடிழந்தவர்களுக்காக நாடெங்கும் நிதி திரட்டப்பட்டது.
(ஈ) நிலநடுக்கத்தை முன்கூட்டிச் சொல்லும் கருவி எதுவும் இல்லை.

முதல் விடை பலரை இழுக்கும். ஆனால் தீண்டாமை பாவம் என்பது வாதத்துக்குக் கொடுக்கப்பட்ட அடிப்படை. ஊரார் அதை ஏற்கிறார்களா இல்லையா என்பதால் பாவம் பாவமில்லாமல் போய்விடாது. இரக்கமுள்ள மனதை இ தொடும், வாதத்தைத் தொடாது. ஈ என்ற விடையில் அறிவியல் வாசனை அடிக்கும். முன்கூட்டிச் சொல்ல முடியாது என்பது, எதனால் நேர்ந்தது என்ற கேள்விக்குப் பதிலாகாது. எஞ்சியது ஆ. வாதத்தில் வாய்விட்டுச் சொல்லப்படாத ஒரு நம்பிக்கை ஒளிந்திருக்கிறது: தண்டனை, பாவம் செய்தவர் இருக்கும் இடத்தைத் தேடிப் போகும். ஆ சரியாக அங்கே கை வைக்கிறது.

ஜவாஹர்லால் நேரு தம் சுயசரிதையில் இந்தக் கேள்வியைத்தான் எழுப்பினார். தென்னாட்டின் தீண்டாமைப் பாவத்துக்குப் பீகார் மக்கள் ஏன் அடிபட வேண்டும்? தர்பங்கா மகாராஜாவுக்குப் பெரும் நஷ்டம் நேர்ந்ததே, அப்படியானால் இது ஜமீன்தாரி முறைக்குக் கிடைத்த தண்டனை என்று ஏன் சொல்லக்கூடாது? வட பீகார் விடுதலைப் போராட்டத்தில் முன்னின்ற பகுதியாயிற்றே, சட்ட மறுப்புக்குக் கடவுள் கொடுத்த அடி என்று பிரிட்டிஷ் அரசும் சொல்லிக்கொள்ளலாமே?

தாகூரின் மறுப்பு இன்னும் ஆழத்துக்குப் போனது. இதே வாதத்தைக் கோயில் நுழைவை எதிர்ப்பவர்கள் அப்படியே எடுத்துக்கொண்டு, காந்தியும் அவருடைய தொண்டர்களும் செய்த பாவத்தால்தான் பூமி பிளந்தது என்று சொல்ல முடியும் என்றார். ஒரு காரணம் ஒரே சமயத்தில் இரண்டு எதிரெதிர் முடிவுகளுக்கும் பொருந்துமானால், அது இரண்டில் எதையும் தாங்கவில்லை என்றுதான் பொருள். நல்ல நடத்தையைக் கற்பிப்பதற்காகக் குழந்தைகளையும் தீண்டாமைக்கு ஆளானவர்களையும் கொத்துக்கொத்தாகக் கொல்லும் கடவுள், ஒழுக்கத்தில் மனிதனைவிடத் தாழ்ந்தவராகிவிட மாட்டாரா என்றும் கேட்டார். கடவுள் நம்பிக்கை உள்ளவர் கடவுளின் மதிப்பைக் காப்பதற்காகக் கேட்ட கேள்வி அது.

தமிழ்நாட்டுப் பள்ளி மாணவர்களுக்கு இந்தச் சிக்கல் வேறு உடையில் அறிமுகமானதுதான். பாடநூலின் பயிற்சிப் பகுதியிலும் டிஎன்பிஎஸ்சி தாளிலும் ‘கூற்று – காரணம்’ வினா வரும். நான்கு விடைகளில் ஒன்று எல்லோருக்கும் மனப்பாடம்: கூற்றும் சரி, காரணமும் சரி, ஆனால் கூற்றுக்கு அந்தக் காரணம் சரியான விளக்கமில்லை. இரண்டு உண்மைகள் பக்கத்தில் பக்கத்தில் நிற்பதாலேயே ஒன்று மற்றொன்றுக்குக் காரணமாகிவிடாது என்பதைப் பத்தாம் வகுப்புப் பிள்ளைக்கு அந்த ஒரு வரி சொல்லிக்கொடுத்துவிடுகிறது. மதிப்பெண்ணுக்காகக் கற்றாலும், கற்றது பெரிய விஷயம்.

உலக அளவில் இந்தக் கேள்விகளுக்குப் பெயர்பெற்றது எல்சாட். அமெரிக்கச் சட்டக் கல்லூரிகளுக்கான இந்தத் தேர்வு 1948-இல் தொடங்கியது. 2024 ஆகஸ்டில் ‘லாஜிக் கேம்ஸ்’ எனப்பட்ட புதிர்ப் பகுதியை எடுத்துவிட்டார்கள். மதிப்பெண் கணக்கில் வரும் மூன்று பகுதிகளில் இப்போது இரண்டு, வாதங்களை எடைபோடும் பகுதிகள். மேலாண்மைப் படிப்புக்கான ஜிமேட் தேர்வின் புதிய வடிவத்தில் மொழிப் பகுதியிலிருந்து இலக்கணத் திருத்தக் கேள்விகள் போய்விட்டன. பத்தி வாசிப்பும் வாத ஆய்வும் மட்டும் எஞ்சின. இந்தியாவில் தேசியச் சட்டப் பல்கலைக்கழகங்களுக்கான கிளாட் தேர்வு 2020 முதல் பத்தி அடிப்படையிலான கேள்விகளுக்கு மாறியது. குடிமைப்பணி முதல்நிலைத் தேர்வின் சிசாட் தாளிலும் பத்தியிலிருந்து எது பெறப்படும், எந்த எடுகோள் அதற்குள் அடங்கியிருக்கிறது என்ற வினாக்கள் வருகின்றன.

எல்லாவற்றுக்கும் பொது விதி ஒன்று. பத்தியில் சொன்னதை உண்மை என்று வைத்துக்கொள்; அதற்கு வெளியே போகாதே. பயிற்சி மையங்களில் நாள்தோறும் கேட்கும் ‘அவுட் ஆஃப் ஸ்கோப்’, ‘எக்ஸ்ட்ரீம் ஆப்ஷன்’ போன்ற சொற்களெல்லாம் இந்த விதியின் கிளைகள். உனக்குத் தெரிந்ததை, பிடித்ததை, பிடிக்காததைத் தேர்வறைக்கு வெளியே வைத்துவிட்டு வா என்பதே அதன் சாரம்.

சொல்வது எளிது. செய்வது எவ்வளவு கடினம் என்பதை பிரிட்டிஷ் உளவியலாளர் ஜோனத்தன் எவான்ஸும் அவருடைய சகாக்களும் 1983-இல் வெளியிட்ட ஆய்வு காட்டியது. தர்க்கப்படி செல்லாத வாதங்களைப் படிக்கக் கொடுத்தார்கள். முடிவு நம்பும்படியாக இருந்தபோது, படித்தவர்கள் செல்லாத வாதத்தையும் நூற்றுக்கு ஏறக்குறைய எழுபது தடவை ஏற்றார்கள். அதே பழுதுள்ள வாதத்தின் முடிவு நம்ப முடியாததாக இருந்தபோது, ஏற்றது பத்துத் தடவைதான்.

உதாரணம் ஒன்றைப் பார்க்கலாம். எல்லா மீன்களும் நீந்தும், வஞ்சிரம் நீந்தும், ஆகவே வஞ்சிரம் மீன். கேட்டதும் தலை ஆடுகிறது. வஞ்சிரம் இருந்த இடத்தில் வாத்தை வைத்தால் தலை ஆடுவது நின்றுவிடும். வாத்து மீனில்லை என்று தெரிந்ததால்தான் வாதத்தில் ஓட்டை இருப்பதே கண்ணில் படுகிறது. ஓட்டை முதலிலிருந்தே அங்கேதான் இருந்தது. வஞ்சிரம் மீன் என்ற உண்மை அதை மறைத்துக்கொண்டிருந்தது.

திருநெல்வேலியில் கூடியிருந்தவர்களுக்கும் இதுதான் நேர்ந்திருக்கும். தீண்டாமை கொடியது என்ற முடிவில் மனம் ஒன்றிவிட்ட பிறகு, அதற்குச் சொன்ன காரணத்தை யார் தட்டிப் பார்ப்பார்கள்? நமக்குப் பிடிக்காத கருத்தின் காரணங்களைக் குடைந்து பார்க்க ஒருவரும் நமக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. அது தானே வரும். உயிராய் நேசிக்கும் கருத்துக்குச் சொல்லப்படும் காரணத்தைச் சோதிப்பதுதான் அறம், அதற்குத்தான் பயிற்சி வேண்டும். தாகூர் செய்தது அது. நல்ல நோக்கத்துக்காகச் சொன்ன பழுதான காரணம் நாளைக்கு எதிராளியின் கையில் ஆயுதமாகும் என்று அவர் கண்டார்.

இதற்கு நேர் எதிரான சங்கடமும் ஒன்று உண்டு. அது உண்மையிலேயே தத்துவச் சங்கடம். நான் ஏற்காத ஒன்றை, எனக்குத் தெரியவே தெரியாத ஒன்றை, உண்மை என்று வைத்துக்கொண்டு முடிவு சொல்வது நேர்மையா?

சோவியத் உளவியலாளர் அலெக்சாண்டர் லூரியா 1931, 1932-ஆம் ஆண்டுகளில் உஸ்பெகிஸ்தானின் ஒதுக்குப்புறக் கிராமங்களுக்குப் போனார். எழுதப் படிக்கத் தெரியாத உழவர்களிடம் ஒரு கேள்வி கேட்டார். பனி சூழ்ந்த வடகோடியில் கரடிகளெல்லாம் வெள்ளை. நோவாயா செம்லியா வடகோடியில் இருக்கிறது. அங்கே கரடி என்ன நிறம்? பதில் வராமல் நழுவியது. நான் அங்கே போனதில்லை, பார்க்காததைப் பற்றிப் பேசுவதில்லை, பார்த்தவரைக் கேளுங்கள் என்ற தொனியில் பேசினார்கள். இங்கே கறுப்புக் கரடி உண்டு, அதைப் பார்த்திருக்கிறேன் என்றும் சொன்னார்கள். கொஞ்சம் பள்ளிக்கூடம் பார்த்தவர்கள் மட்டும் சட்டென்று வெள்ளை என்றார்கள். 1974-இல்தான் லூரியாவின் நூல் வெளிவந்தது.

அந்த உழவர்களுக்கு அனுமானிக்கத் தெரியவில்லை என்று தீர்ப்பு எழுதிவிடுவது எளிது. ஆனால் அவர்கள் சொன்னதைக் கூர்ந்து கேட்டால் அதற்குள்ளேயே ஒழுங்கான ஓர் அனுமானம் இருக்கிறது: கண்டவனே பேசலாம், நான் காணவில்லை, ஆகவே நான் பேசமாட்டேன். கேள்வி கேட்டவரின் சொல்லை மட்டும் நம்பி ஊரறிய ஒன்றைச் சொல்ல மறுத்தார்கள். சாட்சிக்கு அவர்கள் கொடுத்த மதிப்பு அது. வாட்ஸ்அப்பில் வந்த செய்தியைப் பார்த்த மாத்திரத்தில் பத்துக் குழுக்களுக்கு அனுப்பும் காலத்தில் அந்த மறுப்பைக் குறைவாக மதிக்க எந்த நியாயமும் இல்லை.

ஆக, தேர்வறை மாணவரிடம் ஒரு திறமை இருக்கிறது, உஸ்பெக் உழவரிடம் ஒரு நேர்மை இருக்கிறது. இரண்டையும் ஒரே மனம் வைத்திருக்க முடியுமா? இந்தியத் தர்க்க மரபு முடியும் என்றே கருதியது.

நியாய மரபின் பழைய உதாரணம் பலருக்கும் தெரிந்தது. மலையில் தீ இருக்கிறது, ஏனென்றால் புகை தெரிகிறது, அடுக்களையில் பார்த்ததுபோல. அடுக்களை அலங்காரத்துக்கு வந்து நிற்கவில்லை. புகையும் தீயும் சேர்ந்திருப்பதை எங்கே கண்டாய் என்ற கேள்விக்கு அது பதில். கண்ட ஓர் இடத்தைக் காட்டாமல் அனுமானத்தை முடிக்க இந்த மரபு விடவில்லை. உஸ்பெக் உழவர் கேட்டதும் இதைத்தான். அதே சமயம், ஏற்காத ஒன்றை ஏற்றதாக வைத்துக்கொண்டு யோசிக்கவும் நியாயம் இடம் தந்தது. தீ இல்லையென்றே வைத்துக்கொள்வோம், அப்போது புகையும் இருக்கக்கூடாதே, இருக்கிறதே! இப்படிப்பட்ட யோசனைக்குத் தர்க்கம் என்று பெயர். அது தானாக அறிவைத் தராது, அறிவுக்குத் துணை நிற்கும் என்று எல்லை வகுத்தார்கள். தேர்வுத் தாளில் மாணவர் செய்வது பெரும்பாலும் இந்தத் துணை வேலை.

ஒளிந்திருக்கும் நிபந்தனையைத் தோண்டியெடுப்பதற்கும் நியாய நூலோர் ஒரு வழி வைத்திருந்தார்கள். புகை உள்ள இடத்தில் தீ இருக்கும், சரி. தீ உள்ள இடத்திலெல்லாம் புகை இருக்குமா? கொல்லன் பட்டறையில் பழுக்கக் காய்ந்த இரும்புக் குண்டு செக்கச்செவேலென்று கனல்கிறது. தொட்டால் சதை பொசுங்கும். ஆனால் புகை இல்லை. அடுக்களையில் மட்டும் ஏன் புகைகிறது? விறகு ஈரம். புகைக்குத் தீ மட்டும் போதாது, ஈர விறகும் வேண்டும். இப்படி வாதத்துக்குப் பின்னால் சொல்லப்படாமல் நின்று வேலை செய்யும் நிபந்தனையை உபாதி என்றார்கள். பதினேழாம் நூற்றாண்டில் அன்னம்பட்டர் எழுதிய ‘தர்க்க சங்கிரகம்’ என்ற தொடக்க நூலிலேயே இந்த ஈர விறகு வருகிறது.

இன்றைய வாழ்வில் ஈர விறகு எங்கும் உண்டு. எங்களிடம் படித்தவர்களில் இத்தனை பேர் தேர்ச்சி என்று ஒரு பயிற்சி மையம் முழுப்பக்க விளம்பரம் கொடுக்கிறது. சேர்க்கும்போதே ஒரு தேர்வு வைத்து, நன்றாகப் படிப்பவர்களை மட்டும் பொறுக்கிச் சேர்த்த மையமாக அது இருந்தால், தேர்ச்சிக்குக் காரணம் பயிற்சியா, பொறுக்கியெடுத்ததா? நகையை அடகு வைத்துக் கட்டணம் கட்டப்போகும் தகப்பனுக்கு இந்தக் கேள்வி தோன்றினால், அந்தக் குடும்பத்துக்கு அது எந்த மதிப்பெண்ணையும்விடப் பெரியது.

தமிழில் இந்தக் கலை ஒரு காப்பியத்துக்குள்ளேயே குடியேறியிருக்கிறது. மணிமேகலை வஞ்சி நகருக்குப் போய், மாதவர் வடிவம் பூண்டு, அளவைவாதி முதல் பூதவாதி வரை பல சமயத்தாரிடமும் அவரவர் கொள்கையைக் கேட்கிறாள். பிறகு காஞ்சியில் பௌத்தத் துறவி அறவண அடிகளை அடைகிறாள். இருபத்தொன்பதாவது காதையில் அடிகள் அவளுக்குக் கற்பிப்பதில் பெரும்பகுதி தர்க்கம். காண்டல், கருத்து (அனுமானம்) என அறியும் வழியாகிய அளவை இரண்டு. பக்கம் (நிறுவ வேண்டிய கூற்று), ஏது (காரணம்), திட்டாந்தம் (உதாரணம்) என வாதத்தின் உறுப்புகள். அதன் பிறகு அவை எப்படியெல்லாம் போலியாகும் என்ற நீண்ட பட்டியல்: பக்கப் போலி ஒன்பது, ஏதுப் போலி பதினான்கு, திட்டாந்தப் போலி பத்து. சமஸ்கிருதத்தில் சங்கரசுவாமி எழுதிய ‘நியாயப் பிரவேசம்’ என்ற பௌத்தத் தர்க்க நூலோடு இந்தப் பகுதி மிக நெருங்கி வருவதை அறிஞர்கள் காட்டியிருக்கிறார்கள். அந்த நூல் பின்பற்றும் திக்நாகரோ காஞ்சிப் பக்கத்தில் பிறந்தவர் என்பது மரபு.

கதை கேட்க வந்தவர்களுக்கு இந்தக் காதை வறண்டதாகத் தோன்றலாம். அது நிற்கும் இடம்தான் கவனிக்க வேண்டியது. அடுத்த காதை கடைசிக் காதை. அதில்தான் மணிமேகலை பிறவிப் பிணி அறுக நோன்பு ஏற்கிறாள். நோன்புக்கு முந்தைய பாடமாக, காரணம் போலத் தோன்றி ஏமாற்றுபவை எவை என்று ஓர் ஆசிரியர் பொறுமையாகச் சொல்லிக்கொடுக்கிறார். அவளிடம் ஒருவர் நாளை பௌத்தத்துக்கு ஆதரவாகப் பழுதான காரணம் சொன்னாலும் அதைக் கண்டுபிடிக்கும் திறமையை அவள் கையில் கொடுத்துவிட்டுத்தான் தன் சமயத்துக்குள் அழைக்கிறார். ஆராய்ச்சி பக்தியைக் கெடுக்கும் என்று அவர் அஞ்சவில்லை. சைவ சித்தாந்தத்திலும் அருணந்தி சிவாசாரியார் சிவஞான சித்தியாரில் பிறர் கொள்கைகளைக் கூறும் பரபக்கத்தை வைத்துவிட்டுத்தான் தம் கொள்கையான சுபக்கத்துக்கு வருகிறார்.

அப்படியும் ஒரு பயம் நிற்கும். எல்லாவற்றையும் இப்படித் தட்டிப் பார்த்தால் நம்பிக்கை என்னாவது?

ரோமானிய அறிஞர் சிசரோ ஒரு பழைய நிகழ்ச்சியைச் சொல்கிறார். கடலோடிகளைக் காக்கும் தெய்வங்களின் தலமான சாமத்ரேஸ் தீவுக்கு, நாத்திகர் என்று பெயரெடுத்த தியாகோரஸ் வந்தார். புயலில் தப்பியவர்கள் நேர்ந்துகொண்டு மாட்டிய படங்களை நண்பர் ஒருவர் காட்டினார். இத்தனை பேர் காப்பாற்றப்பட்டிருக்கிறார்களே, இதற்குப் பிறகும் தெய்வங்கள் மனிதரைக் கவனிப்பதில்லை என்பாயா? மூழ்கிப்போனவர்களின் படம் எங்கும் மாட்டப்படவில்லையே என்றார் தியாகோரஸ். 1620-இல் பிரான்சிஸ் பேக்கன் தம் அறிவியல் முறை நூலில் இதே கதையை எடுத்தாண்டார். எதிர்ச்சான்று கண்ணுக்கே வராதபடி சான்றுகள் வடிகட்டப்பட்டிருக்கின்றனவா என்று கேட்கும் தேர்வு வினாக்கள் இன்றும் இந்தக் கதையின் வழித்தோன்றல்கள்தான்.

வேளாங்கண்ணியிலும் புயலில் தப்பிய போர்த்துகீசிய மாலுமிகளின் வரலாறு சொல்லப்படுகிறது. பக்தர்கள் செலுத்திய காணிக்கைகளுக்கென்று அங்கே காட்சியகமே உண்டு. அங்கே ஒரு வெள்ளிப் படகைக் காணிக்கை வைக்கும் மீனவரிடம் தியாகோரஸின் கேள்வியைக் கேட்பது முறையாகுமா? ஆகாது. அவர் எந்த வாதமும் செய்யவில்லை. பிழைத்து வந்ததற்கு நன்றி சொல்கிறார். நன்றிக்கு எடுகோள் இல்லை, முடிவும் இல்லை. அதைப் பலவீனப்படுத்த எந்த விடையாலும் முடியாது. அந்தப் படகைக் கையில் எடுத்து, ஆகவே நம்பியவன் பிழைப்பான் என்று ஒருவர் சொல்லும்போதுதான் வாதம் பிறக்கிறது. அந்த நிமிடத்திலிருந்து, திரும்பி வராதவர்களின் வீட்டாருக்குக் கேள்வி கேட்கும் உரிமை வந்துவிடுகிறது. 2004 டிசம்பர் 26 அன்று அந்தக் கடற்கரையில் மாண்ட யாத்திரிகர்கள் நம்பிக்கை இல்லாதவர்களா?

‘ஹரிஜன்’ பதிலில் காந்தி வந்து சேர்ந்த இடமும் இதற்குப் பக்கத்தில்தான். தாம் சொன்ன தொடர்பை மெய்ப்பிக்க முடியாது என்று ஒப்புக்கொண்டார். அது தமக்குள் எழுந்த நம்பிக்கை என்றார். ஒருவேளை அது தவறென்று தெரியவந்தாலும், தம்மையும் தம்மோடு நம்புகிறவர்களையும் தூய்மைப்படுத்திக்கொள்ளத் தூண்டிய அளவில் நன்மையே செய்திருக்கும் என்றும் எழுதினார். வாதமாகத் தொடங்கியது இங்கே சுய விசாரணையாகிறது. தன்னைத் திருத்திக்கொள்ள ஒருவர் எந்த இடியோசையையும் எச்சரிக்கையாக எடுத்துக்கொள்ளலாம். இடிந்த வீட்டில் பிள்ளையைப் பறிகொடுத்த பீகார்த் தாயிடம் அதையே காரணமாகச் சொல்ல யாருக்கும் உரிமை இல்லை. காந்தியின் பதிலில் முதலாவது இருக்கிறது. இரண்டாவதைத் தாகூர்தான் நினைவூட்ட வேண்டியிருந்தது. அந்த நினைவூட்டலைத் தம் இதழிலேயே அச்சிட்டது காந்தியின் பெருமை.

தேர்வுகள் இந்த ஒழுக்கத்தில் பாதியைத்தான் கற்பிக்கின்றன என்பதையும் சொல்லியாக வேண்டும். அங்கே அடிப்படைச் செய்திகள் தட்டில் வைத்துத் தரப்படுகின்றன. அவை மெய்யா, யார் கண்டார்கள் என்று கேட்டால் மதிப்பெண் போகும். கிளாட் தேர்வில் 120 நிமிடத்தில் 120 வினாக்கள். எல்சாட்டில் 35 நிமிடத்தில் ஏறக்குறைய 25. ஒரு வாதத்தோடு ஒரு நிமிடம், மிஞ்சினால் ஒன்றரை நிமிடம் பழகலாம். காந்தியும் தாகூரும் இந்த ஒன்றுக்குப் பல நாட்கள் எடுத்துக்கொண்டார்கள். மொழியும் குறுக்கே நிற்கிறது. நீட் தேர்வைத் தமிழிலும் எழுதலாம். கிளாட் ஆங்கிலத்தில் மட்டும்தான் நடந்துவருகிறது. வட்டார மொழிகளிலும் நடத்தக் கோரி டெல்லி உயர் நீதிமன்றத்தில் வழக்கும் போடப்பட்டது. திண்ணையில் உட்கார்ந்து ஊர் வழக்கைத் துல்லியமாகப் பிரித்து வைக்கும் வீட்டில் பிறந்த பெண், ஆங்கிலப் பத்தியின் வாக்கியச் சிக்கலில் தடுக்கி விழுந்தால், அவளுக்கு யோசிக்கத் தெரியவில்லை என்று அந்த மதிப்பெண் சொல்வது பொய்.

மற்றப் பாதியை அந்த மாணவர்கள் கற்கும் இடம் நீதிமன்றம். புனேயில் மணமாகிச் சில மாதங்களே ஆன ஒரு பெண் நஞ்சால் இறந்தார். கணவருக்கு விசாரணை நீதிமன்றம் மரண தண்டனை விதித்தது; உயர் நீதிமன்றமும் அதை உறுதி செய்தது. நேரில் கண்ட சாட்சி இல்லை, சூழ்நிலைச் சாட்சியங்கள் மட்டுமே. 1984-இல் உச்ச நீதிமன்றம் இந்த வழக்கில்தான் அத்தகைய சாட்சியத்துக்கு ஐந்து நெறிகளை வகுத்து, அவற்றைப் பஞ்சசீலம் என்று அழைத்தது. முதல் நெறி, முடிவுக்கு அடிப்படையாகும் ஒவ்வொரு செய்தியும் முழுமையாக மெய்ப்பிக்கப்பட வேண்டும் என்பது. கண்டவர் யார் என்று கேட்ட உழவரின் குரல் அதில் கேட்கிறது. நான்காவது நெறி, குற்றம் என்ற ஒன்றைத் தவிர வேறு எந்த விளக்கத்துக்கும் இடமிருக்கக்கூடாது என்பது. ஈர விறகைத் தேடச் சொல்லும் விதி அது. அந்தப் பெண் தானே உயிரை மாய்த்துக்கொண்டிருக்கலாம் என்ற வாய்ப்பை அரசுத் தரப்பால் விலக்க முடியவில்லை. தூக்குத் தண்டனை ரத்தாகி, கணவர் விடுதலையானார். நாற்பது ஆண்டுகள் ஆன பிறகும், சூழ்நிலைச் சாட்சியத்தை மட்டும் நம்பி ஒருவர் மீது குற்றம் சுமத்தப்படும்போது, மாவட்ட நீதிமன்றங்களிலும் சென்னை உயர் நீதிமன்றத்திலும் வழக்கறிஞர்கள் இந்த ஐந்து நெறிகளை எடுத்து வைத்து வாதாடுகிறார்கள். நுழைவுத் தேர்வில் பலவீனப்படுத்தும் விடையைத் தேடிப் பழகியவர்களும் அவர்களில் உண்டு.